பூங்காவின் அடியில் ஏழு தளம்: பாஸ்டன் போஸ்ட் ஆபீஸ் ஸ்கொயர் - ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நெருங்கி நிற்கும் பகுதியின் நடுவே நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட 1.7 ஏக்கர் நிலம் இருக்கிறது; பெயர் போஸ்ட் ஆபீஸ் ஸ்கொயர். 1954 முதல் அதன் மேல் சுமார் 950 கார்களுக்கான பல அடுக்கு கான்கிரீட் பார்க்கிங் கட்டடம் நின்றது. மாநகராட்சியிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துத் தனியார் அதை நடத்தினர். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தும், மதிய வேளையில் அந்த மனையில் உட்கார இடம் கிடையாது. 1988-ல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. 1990-ல் அதே இடத்தில் ஏழு தள நிலத்தடி பார்க்கிங் 1,400 கார்களுக்குத் திறந்தது. 1992-ல் அதன் மேல் பூங்கா திறந்தது. 1997-ல் பூங்காவுக்கு, திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நார்மன் பி. லெவெந்தால் பெயர் சூட்டப்பட்டது.

நகர மையத்தில் ஒரே மனையில் பொதுப் பயன்பாட்டையும் பார்க்கிங்கையும் சேர்க்க நினைப்பவர்கள் இந்தத் திட்டத்தைக் கணக்கோடு படிக்க வேண்டும். காரைக் கீழே தள்ளிவிட்டால் மேலே நிலம் மிச்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கீழே கட்டப்படும் ஒவ்வொரு தளமும் மேலே ஏதாவதொன்றை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்: ராம்ப் (கார் இறங்கி ஏறும் சரிவுப் பாதை), படிக்கட்டு, லிப்ட், புகைக் குழாய், காற்று கிரில், அவசர வழி. தரைமட்டத்தில் இவை எங்கே, எவ்வளவு பரப்பில் வெளிப்படுகின்றன என்பதே திட்டத்தின் தரத்தை முடிவு செய்கிறது. அந்த வரைபடத்தை முதலில் போட வேண்டும். கார் இடங்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும்.

பணம் எங்கிருந்து வந்தது

பழைய கட்டடத்துக்கு எதிரே ஹோட்டலும் அலுவலகக் கோபுரமும் எழுப்பிய கட்டுமான நிறுவனத்தின் தலைவர் லெவெந்தால். அவரும் சுற்றியிருந்த நிறுவனங்களும் சேர்ந்து 1983-ல் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போஸ்ட் ஆபீஸ் ஸ்கொயர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மீதமிருந்த குத்தகையை விலை கொடுத்து விடுவித்தால்தான் நிலம் கைக்கு வரும். அந்தப் பேச்சே சில ஆண்டுகளை விழுங்கியது.

நிதி ஏற்பாடுதான் இந்தத் திட்டத்தில் பிறர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம். ஒரு பங்கு 65,000 டாலர் என 450 பங்குகள் சுற்றியுள்ள நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. மொத்தம் 2 கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர். மீதியை வங்கிக் கடன் ஈடுகட்டியது. பங்கு வாங்கியவருக்கு ஒரு காருக்கான மாத வாடகை இடம் கிடைக்கும் உரிமை உண்டு. ஆனால் வாடகை சந்தை விலையில்தான். இலவசமாகவோ சலுகை விலையிலோ கொடுத்திருந்தால், கடன் தவணை கட்ட வேண்டிய வருவாயை முன்கூட்டியே விற்றுத் தின்றதாகியிருக்கும். பூங்காவின் பராமரிப்பும் பார்க்கிங் வருவாயிலிருந்தே நடக்கிறது. மாநகராட்சிக்கு அதனால் தோட்டக்காரர் சம்பளம்கூடச் செலவில்லை.

இந்தக் கணக்கு அங்கே தேறியதற்கு ஊர் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1970-களிலிருந்தே பாஸ்டன் நகர மையத்தில் வணிகப் பார்க்கிங் இடங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது. புதிய இடம் எளிதில் வராது என்பதால் இருக்கும் இடத்துக்கு விலை நின்றது. பக்கத்துத் தெருவில் தரைமட்டப் பார்க்கிங் மலிவாகக் கிடைக்கும் நகரத்தில் ஏழு தளம் தோண்டினால், வாடகை கட்டுமானக் கடனைத் தாங்காது. நிதித் திட்டம் எழுதுவதற்கு முன், நடந்து பத்து நிமிடத் தொலைவுக்குள் உள்ள எல்லாப் பார்க்கிங் இடங்களையும் எண்ணி, அவற்றின் விலையையும் நிரம்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிகாகோவின் மில்லெனியம் பார்க் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1998-ல் சுமார் 15 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டு, பெரும்பகுதியை அடியில் வரும் பார்க்கிங்கின் வருவாய் ஏற்கும் என்று தொடங்கினார்கள். 2004-ல் திறந்தபோது செலவு சுமார் 47.5 கோடி. பார்க்கிங் வருவாய் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2006-ல் மாநகராட்சி அங்குள்ள நிலத்தடி பார்க்கிங்குகளை 56.3 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பூங்கா உலகப் புகழ் பெற்றது; ஆனால் பார்க்கிங் வருவாயை முன்னிறுத்திப் போட்ட கணக்கு தேறவில்லை.

எத்தனை கார்

1.7 ஏக்கர் என்பது 74,052 சதுர அடி. ஏழு தளமும் முழு மனையளவு என்று வைத்தால் 5,18,364 சதுர அடி. 1,400-ஆல் வகுத்தால் காருக்கு 370 சதுர அடி. ஒரு கார் நிற்கும் கட்டம் 9 அடிக்கு 18 அடி, அதாவது 162 சதுர அடிதான். மீதி பாதியும் அதற்கு மேலும் ஓட்டுவழி, ராம்ப், தூண், படிக்கட்டு, இயந்திர அறை, சுவர்க் கனம் என்று போய்விடுகிறது. காருக்கு 300 சதுர அடிக்குக் குறைவாகக் காட்டும் முதல்கட்டத் திட்டம் கையில் வந்தால், ஏதோ ஒன்று வரையப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பெரும்பாலும் அது இயந்திர அறையாக இருக்கும்.

பல பயன்பாடுகள் சேரும் மனையில் ஒவ்வொன்றின் உச்சத் தேவையையும் கூட்டுவது மிகச் செலவான பிழை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. அலுவலகத்துக்கு 600 கார், அரங்கத்துக்கு 350, சந்தைக்கு 200, நூலகத்துக்கு 120 உச்சத் தேவை. கூட்டினால் 1,270. மணிவாரியாகப் பார்த்தால் படம் மாறுகிறது. வேலைநாள் காலை 11 மணிக்கு அலுவலகம் 600, நூலகம் 70, அரங்கம் 10, மொத்தம் 680. வேலைநாள் இரவு 7.30-க்கு அலுவலகம் 60, அரங்கம் 350, நூலகம் 80, மொத்தம் 490. சனிக்கிழமை காலை 11-க்கு அலுவலகம் 60, சந்தை 200, நூலகம் 120, பகல் காட்சி 175, மொத்தம் 555. ஆக உச்சம் 680. நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பியதும் ஓட்டுநர்கள் காலி இடம் தேடிச் சுற்றத் தொடங்குவார்கள் என்பதால் 0.9-ஆல் வகுத்தால் 756 போதும். 1,270-க்கும் 756-க்கும் உள்ள வித்தியாசம் 514 கார். போஸ்ட் ஆபீஸ் ஸ்கொயர் அளவுள்ள மனையில் அது இரண்டரைத் தளம்.

இதே கணக்கில் அலுவலகத்தின் 600-ல் 300 இடங்களைப் பெயர்ப்பலகை மாட்டி இருபத்துநாலு மணி நேரமும் ஒதுக்கிவிடுகிறோம் என்று வையுங்கள். சனிக்கிழமை காலை அந்த 300-ம் காலியாகவே கிடந்தாலும் யாரும் நிறுத்த முடியாது. 300-உடன் மீதி அலுவலகம் 30, சந்தை 200, நூலகம் 120, காட்சி 175 சேர்த்தால் 825. 0.9-ஆல் வகுத்தால் 917. பெயர்ப்பலகைக்காக மட்டும் 161 கார் இடம் கூடுதலாகத் தோண்ட வேண்டும். 'ஓர் இடம் உறுதி' என்ற உரிமையை விற்கலாம். 'இந்த இடம் உங்களுடையது' என்ற உரிமையை விற்கவே கூடாது. குத்தகைப் பத்திரம் எழுதும் வழக்கறிஞருக்கு இந்த வேறுபாடு திட்டம் வரையும் முன்பே சொல்லப்பட வேண்டும். கையெழுத்தான பின் திருத்த முடியாது.

தரைமட்டக் கணக்கு

ராம்பிலிருந்து தொடங்கலாம். மரம் வளர மூன்றரை அடி மண், அடியில் ஏறத்தாழ மூன்றடி கனத்துக்கு உத்தரமும் கூரைத் தளமும். அதன் கீழ் கார் போக எட்டடி உயரம். ஆக பூங்கா மட்டத்திலிருந்து பதினாலரை அடி இறங்கிய பிறகுதான் ராம்பை மூட முடியும். நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில் அதற்கு 121 அடி நீளம் வேண்டும். இருவழி ராம்பின் அகலம் பக்கச் சுவரோடு 27 அடி என்றால், பூங்காவில் 3,267 சதுர அடிக்கு ஒரு பள்ளம். இரண்டு ராம்ப் என்றால் மனையில் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் போயிற்று.

ராம்ப் மூடப்படும் இடத்துக்கு மேல் மரமும் மண்ணும் வைக்காமல், ஒன்றரை அடி கனத்துக்குள் அடங்கும் கல்பாவிய நடைபாதையை வைத்தால், ஒன்பதரை அடி இறங்கியதுமே மூடலாம். நீளம் 79 அடியாகக் குறையும். ஒரு ராம்புக்கு ஆயிரம் சதுர அடிக்கு மேல் பூங்காவுக்குத் திரும்பக் கிடைக்கும். நிலத்தோற்ற வடிவமைப்பாளரும் கட்டமைப்புப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு நாளில் முடிகிற முடிவு இது. ஒருவர் வரைந்து முடித்ததை மற்றவர் வாங்கிப் பார்க்கும் முறையில் இது நடப்பதே இல்லை.

சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டும் ராம்பின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் பாதிச் சரிவில் பத்துப் பன்னிரண்டு அடி விட வேண்டும். விடாவிட்டால் மேல்முனையில் காரின் வயிறு உரசும், கீழ்முனையில் முன் பம்பர் இடிக்கும். இந்த நீளத்தை மறந்து வரைந்துவிட்டு, கட்டும்போது சரிவைச் செங்குத்தாக்கிச் சமாளிப்பது அடிக்கடி நடக்கிறது.

ராம்ப் எங்கே திறக்கிறது என்பது அதன் நீளத்தைவிட முக்கியம். லாஸ் ஏஞ்சலஸின் பெர்ஷிங் ஸ்கொயர் ஐந்து ஏக்கர். பாஸ்டன் மனையைப் போல மூன்று மடங்கு. 1950-களின் தொடக்கத்தில் அதன் அடியில் பார்க்கிங் கட்டியபோது நான்கு பக்கமும் ராம்ப்களை ஓடவிட்டார்கள். நடைபாதையில் போகிறவருக்கும் பூங்காவுக்கும் நடுவே கார்ப் பள்ளம் வந்துவிட்டது. 1994-ல் ரிக்கார்டோ லெகொரெட்டாவும் லாரி ஓலினும் பூங்காவை முழுக்க மாற்றி வடிவமைத்தார்கள். ராம்ப்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, விலகலும் தீரவில்லை. மேலே எத்தனை கோடி செலவழித்தாலும் விளிம்பில் செய்த பிழையை நடுவில் திருத்த முடியாது. பாஸ்டனில் ராம்ப்கள் தெருவோரமாக அடக்கப்பட்டன. மூலைகள் நடந்து வருவோருக்கு விடப்பட்டன. மக்கள் தெருமுனையிலிருந்து தெருமுனைக்குக் குறுக்கே நடப்பார்கள் என்பதால், பூங்காவுக்குள் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கிறது.

அடுத்தது கட்டணச் சாவடி. அலுவலக நேரத்தில் உச்ச மணிக்கு மொத்தக் கார்களில் நாற்பது சதவீதம் நகரும் என்று வைத்தால் 1,400-க்கு 560 கார். உள்ளே வரும் தானியங்கிச் சீட்டு வழி ஒன்று மணிக்குச் சுமார் 350 கார் விடும். இரண்டு வழி போதும். வெளியேறும் வழியில் ஆள் உட்கார்ந்து பணம் வாங்கினால் 150-ஐத் தாண்டுவது சிரமம். நாலு வழி வேண்டும். நாலு வழியைத் தரைமட்டத்தில் வைத்தால் பூங்கா சுங்கச்சாவடியாகிவிடும். சாவடியை முதல் நிலத்தடித் தளத்தில் வைத்து, காரை எடுக்கப் போகும் வழியில் லிப்ட் அருகிலேயே பணம் கட்டும் இயந்திரத்தை வைப்பதே சரி. உள்ளே வரும் கேட்டும் அப்படித்தான்: தெருவிலிருந்து குறைந்தது நான்கைந்து கார் வரிசை நிற்க இடம் விட்டுக் கீழே அமைய வேண்டும். கேட் தெருவோரத்தில் இருந்தால், காலை எட்டரை மணிக்கு வரிசை நடைபாதையை மறித்து நிற்கும்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. நிலத்தடி பார்க்கிங்குக்குச் சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.75 கன அடி வீதம் காற்றை வெளியேற்றும் திறன் அமெரிக்க விதிகளில் வழக்கமான அளவு. 74,052 சதுர அடித் தளம் ஒன்றுக்கு 55,539 கன அடி. ஏழு தளத்துக்கு 3,88,773. கிரில்லில் காற்று நிமிடத்துக்கு 500 அடி வேகத்தில் வெளியேறினால் 778 சதுர அடி திறப்பு தேவை. ஒரு நல்ல வீட்டின் பரப்பு. கார்பன் மோனாக்சைடு உணரிகள் வைத்து விசிறியை மெதுவாக ஓட்டலாம். மின்செலவு குறையும், கிரில் பரப்பு குறையாது. அதன் வாய் மூச்சு விடும் உயரத்தில், பெஞ்சுக்கு அருகில், உணவகத்தின் சாளரத்துக்குக் கீழ் வரக் கூடாது. கடைசி நேரத்தில் இடம் தேடினால் புல்வெளியின் நடுவே கம்பி வேலி போட்ட பெட்டியாகத்தான் வந்து நிற்கும். படிக்கட்டு மண்டபத்தின் சுவருக்குள்ளேயே புகைக் குழாயைக் கொண்டுபோய் கூரை உயரத்தில் விடுவது சிறந்த வழி.

பாஸ்டனில் மேலே தெரியும் கட்டடங்கள் கண்ணாடியால் ஆன இரண்டு சிறிய மண்டபங்கள் மட்டுமே. ஒன்றில் உணவகம், மற்றதில் கீழிருந்து மேலே வரும் வழி. கார் நிறுத்தியவர்கள் எல்லோரும் பூங்காவுக்குள்தான் வெளிவருகிறார்கள். பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளத்துக்கு நேரடிச் சுரங்கவழி கொடுத்திருந்தால் பங்குதாரர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். பூங்கா பாதி ஆட்களை இழந்திருக்கும்.

கூரைத் தளமும் மண்ணும்

நனைந்த மண் கன அடிக்கு ஏறத்தாழ 110 பவுண்டு. மூன்றரை அடி ஆழத்தில் சதுர அடிக்கு 385 பவுண்டு. கார் நிற்கும் தளத்துக்கான வடிவமைப்புச் சுமை சதுர அடிக்கு 40 பவுண்டுதான். தோட்டம் காரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கனம். அதோடு தீயணைப்பு வண்டி ஏறும் பாதை, திருவிழா மேடை ஏற்றி வரும் லாரி ஆகியவற்றுக்கும் கூரையில் இடம் குறித்திருக்க வேண்டும். திறந்த பின், 'ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு லாரி விடலாமா' என்று கேட்டால் பொறியாளர் கைவிரிப்பார்.

மரங்களைத் தூணுக்கு நேர் மேலே வைத்தால் உத்தரத்தின் கனம் குறையும். இரண்டு வரிசைக் கார்களும் நடுவே ஓட்டுவழியும் சேர்ந்து 60 அடி. மூன்று கார் அகலம் 27 அடி. ஆகவே மர வரிசை 60-க்கு 27 என்ற கட்டத்தில் விழும். பூங்காவின் வடிவம் அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும், அல்லது மாறுவதற்குப் பணம் இருக்க வேண்டும். மேலே நூலகமோ அரங்கமோ வந்தால் சிக்கல் கூடும்: அவற்றின் தூண் கட்டம் வேறு. மேல் தூணின் சுமையைத் தள்ளி நிற்கும் கீழ்த் தூணுக்குக் கடத்தும் கனமான இடைமாற்று உத்தரம் போட்டுச் சமாளிப்பதைவிட, கட்டடத்தை மனையின் ஒரு முனைக்கு ஒதுக்கி, அதன் அடியில் இயந்திர அறை, நீர்த்தொட்டி, கிடங்கு வைத்து, பார்க்கிங் கட்டத்தை மீதி நிலத்தில் மட்டும் ஓடவிடுவது நல்லது.

புல்லுக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி மண், புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்று முதல் மூன்றரை. ஹால்வர்சன் நிறுவனம் வடிவமைத்த பாஸ்டன் பூங்காவில் நடுவே புல்வெளி, அதையொட்டி நீளமான கொடிப்பந்தல், சுற்றிலும் அடர்ந்த நடவு. ஆர்னால்டு மரப்பூங்காவிலிருந்து சில முதிர்ந்த மரங்கள் கடனாக வந்தன. பார்க்கிங் கூரை என்பதற்கான அடையாளம் எதுவும் கண்ணில் படாததற்கு மண்ணாழத்தில் சிக்கனம் பார்க்காததே காரணம்.

தோண்டிய விதம்

பார்க்கிங்கின் அடி தரையிலிருந்து சுமார் 80 அடி கீழே. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். திறந்த குழியாகத் தோண்டியிருந்தால் பக்கத்து அஸ்திவாரங்கள் நகர்ந்திருக்கும். மனையைச் சுற்றிக் குறுகிய பள்ளம் வெட்டி, களிமண் குழம்பால் பள்ளம் சரியாமல் தாங்கி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றிச் சுற்றுச்சுவர் அமைத்தார்கள். உள்ளே தூண்களை முன்கூட்டியே நிறுத்தி, மேல் தளத்தை முதலில் வார்த்து, அதன் கீழே மண்ணெடுத்து அடுத்த தளத்தை வார்த்து இறங்கினார்கள். வார்க்கப்பட்ட ஒவ்வொரு தளமும் சுவரை உள்ளே சாயாமல் தாங்கியது. இந்த முறையில் மண் வெளியேற மேல் தளத்தில் பெரிய திறப்புகள் வேண்டும். அவற்றை நிரந்தர ராம்ப், லிப்ட் குழி, காற்றுக் குழாய் வரப்போகும் இடங்களிலேயே வைத்தால் பின்னர் அடைக்க வேண்டியதில்லை. அடைத்த திறப்பின் விளிம்புதான் பிற்காலத்தில் முதலில் ஒழுகும்.

அணுகல் வசதி

இன்றைய அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி 1,400 இடம் கொண்ட பார்க்கிங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கு 24 இடம் வேண்டும்: முதல் ஆயிரத்துக்கு 20, மேல் ஒவ்வொரு நூறுக்கும் ஒன்று. அவற்றில் ஆறில் ஒன்று, அதாவது நான்கு, வேன் நிற்கும் இடம். வேன் போகும் வழி முழுதும் 8 அடி 2 அங்குல உயரம் தேவை. வேன் இடங்களை முதல் தளத்திலேயே சேர்த்து வைத்தால் அந்த ஒரு தளத்தையும் அதற்கு இறங்கும் ராம்பின் உயரத்தையும் மட்டும் கூட்டினால் போதும். ஏழு தளமும் உயர்த்தினால் தோண்டும் ஆழம் வீணாகக் கூடும். உயரத்தைக் குறைப்பது பெரும்பாலும் உத்தரம் அல்ல, பின்னால் வந்து தொங்கும் தீயணைப்புக் குழாயும் வழிகாட்டிப் பலகையும்தான். இவற்றின் அடிமட்டத்தை ஒப்பந்த வரைபடத்தில் எண்ணாகவே எழுதிவிட வேண்டும்.

நீர்க்காப்பு

மேலே தோட்டமும் கீழே காரும் உள்ள எந்தக் கட்டடத்திலும் நீண்டகாலச் சண்டை நீர்க்கசிவோடுதான். கூரைத் தளமே நூற்றுக்கு இரண்டு சரிவில் வார்க்கப்பட வேண்டும். மேலே காரை பூசிச் சரிவு கொடுத்தால் அதன் அடியில் நீர் தேங்கும். நீர்காப்புப் படலம் கான்கிரீட்டோடு முழுப் பரப்பிலும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத படலத்தில் ஓட்டை ஓரிடம், ஒழுகும் இடம் அறுபது அடி தள்ளி. தேடி எல்லாத் தோட்டத்தையும் கிளற நேரும். மண் போடுவதற்கு முன் கூரை மேல் நீர் கட்டி 48 மணி நேரம் வைத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்கும் மண் நிரப்புவதற்கும் இடையில் வேறு எந்த வேலையாட்களையும் படலத்தின் மேல் நடக்க விடக் கூடாது. விளக்குக் கம்பம் நடுபவர் போடும் ஒரு போல்ட் போதும். கான்கிரீட் விரிந்து சுருங்க விடப்படும் இடைவெளிகளான விரிவு இணைப்புகள் நடவுப் பாத்தியின் கீழ் வராமல், கல் எடுத்துப் பார்க்கக்கூடிய நடைபாதையின் கீழ் வர வேண்டும்.

நன்றாகச் செய்த படலமும் முப்பது நாற்பது ஆண்டுகளில் மாற்றத்துக்கு வரும். அப்போது மண், மரம், கல், நீரூற்று எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். அந்த மாதங்களில் மேல்தளப் பார்க்கிங் வருவாயும் இராது. இதற்கான ஒதுக்கீடு கடன் தவணைக்கும் பூங்காப் பராமரிப்புக்கும் அடுத்த மூன்றாவது செலவினமாக, முதல் ஆண்டு வரவுசெலவிலிருந்தே தனிக் கணக்கில் போக வேண்டும். உபரியைப் பிற பொதுச் செலவுகளுக்குத் திருப்ப உரிமை கேட்கும் எந்த ஒப்பந்தத்திலும், இந்தக் கணக்கு நிரம்பிய பிறகே உபரி கணக்கிடப்படும் என்ற வாசகத்தைச் சேர்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.